மடியில் ஒரு புத்தகம்

போன மாதம் ஒரு புத்தகம் தரையில் விழுந்தது. 'பொத்'தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் இன்னும் என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

புத்தகம் விழுவதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்காதீர்கள். அது எங்கே விழுந்தது, யார் மடியிலிருந்து விழுந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் மரக்காணம் நூலகத்தைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் அடிக்கடி பீற்றிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக்கு வரி வாங்குவதற்காகக் கட்டிய ஆபீஸ் அது. வரி வாங்கும் இடத்துக்கு எதற்கய்யா இத்தனை பெரிய தூண்? கட்டிப்பிடித்தால் கை எட்டாது. கூரை எங்கேயோ இருக்கிறது. அங்கிருந்து நீளக் கம்பியில் ஃபேன் தொங்குகிறது. காற்று நம் தலைக்கு வந்து சேர்வதற்குள் பாவம், களைத்துப்போகும். மாடிக்குத் தேக்கு மரப் படிக்கட்டு. நான் ஏறினால் என் முட்டி ஒரு பக்கம் முனகும், படி ஒரு பக்கம் முனகும். மேலே போய் ஆள் உயர ஜன்னலைத் திறந்தால்... எதிரே உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரமாகக் கீற்று போர்த்திய வெள்ளைக் குவியல்கள்.

ரொம்ப காலம் பூட்டிக் கிடந்து, வௌவால் குடியிருந்து, பிறகு பழுது பார்த்து வெள்ளையடித்து நூலகமாக்கினார்கள். பளபளவென்று போர்டும் வைத்தார்கள். ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறி 'லைப்ரரி' என்று சொல்லிப் பாருங்கள், டிரைவர் முழிப்பார். 'உப்பாபீஸ்' என்றால்தான் இறக்கிவிடுவார்.

உள்ளே யார் வருவார்கள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படிக்கிற ரிட்டயர்டு ஆசாமிகள். ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்துத் தூங்குகிற ஒருவர். அப்புறம் நான். ஜன்னலுக்கு வெளியே உப்பு வாருகிறவர்கள் யாரும் ஜன்னலுக்கு உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

அஞ்சலை வரும் வரைக்கும்.

அஞ்சலை எங்களுக்குப் பின் தெரு. உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். எங்கள் சிநேகிதம் மீன்காரம்மாவின் கூடையைச் சுற்றி வளர்ந்தது. எனக்குப் பேரம் பேச வராது. எனக்கும் சேர்த்து அவளே சண்டை போடுவாள். அந்தக் குரல் அப்படி! இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு, கடல் காற்றைத் தாண்டிப் பேசிப் பேசி முறுக்கேறிய குரல். ரகசியம் சொன்னால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு நாள் அவள் குரலே எழும்பவில்லை. சங்கரா மீனைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யக்கா... உப்பாபீசுல கதெ புஸ்தகம் வூட்டுக்குக் குடுப்பாங்களாமே? என்னெ மாதிரி ஆளுங்களுக்கும் குடுப்பாங்களா?"

"எல்லாருக்கும்தான் குடுப்பாங்க. யாருக்கு வேணும்?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

அவள் கணவர் கன்னியப்பனை ஊரில் தெரியாதவர் கிடையாது. லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். மூட்டையைவிட அவர் வாய்தான் பிரசித்தம். எந்தத் தெருவில் எந்தத் தகராறு என்றாலும், 'கூப்புடு கன்னியப்பன' என்பார்கள். இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் சிரிக்கிற மாதிரி முடித்துவைப்பார். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த பந்தி சீக்கிரம் எழுந்திருக்காது.

அவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம்: 'ம்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'ம்'. ஃபேனைக் குறை என்றாலும் 'ம்'. கோபம் வந்தால் அதே 'ம்' கொஞ்சம் நீளமாக வரும்.

"மவன் திருப்பூர்லேருந்து போன் வாங்கி அனுப்புனான்க்கா. அதுல கதெ சொல்றாங்களே, அதெப் போட்டு வுட்டேன். மொதல்ல நல்லாத்தான் கேட்டுக்கினு இருந்தாரு. ரெண்டு நாள்ல போனத் தட்டி வுட்டுட்டாரு. ஏன்னு புரியல. அப்புறம் ஒக்காந்து கவனிச்சேன். இவரு 'ம்'னு சொல்றாரு... அது நிக்கவே மாட்டேங்குது. இவரு சொல்றத்துக்குள்ள அது பாட்டுக்கு எங்கியோ போயிடுது. மனுசனுக்குக் கோவம் வராம என்னா பண்ணும்?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. கதை கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். அது நம் ஊர் ஒப்பந்தம் இல்லையா? 'ம்' நின்றுபோனால் கதையும் நிற்கும். 'தூங்கிட்டியா?' என்று ஒரு கேள்வி வரும். கதை சொல்கிறவருக்கு நாம் கொடுக்கிற கூலியே அந்த ஓர் எழுத்துதான். போனுக்கு அந்தக் கூலி வேண்டாம். அதனால் அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

"இப்ப அந்த 'ம்'மையும் நிறுத்திட்டாருக்கா. மோட்டுவளையையே பாத்துக்கினு கெடக்குறாரு. எதுனா கேட்டா கண்ண மூடிக்கிறாரு. அவருகிட்ட மிஞ்சி இருந்தது அது ஒண்ணுதான். அதுக்கு நான் ஒரு வேல குடுக்கணும். நானே படிச்சிக் காட்டப் போறேன்."

"உனக்குப் படிக்க வருமா அஞ்சல?"

"அஞ்சாவது வரிக்கும் போனேன். பஸ் போர்டெல்லாம் படிச்சிடுவேன். எழுத்துக் கூட்டித்தான் வரும், மெதுவா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "மெதுவா படிச்சாத்தான அவருக்கு 'ம்' சொல்ல டயம் இருக்கும்?"

மறுநாளே கிளம்பினோம்.

நல்ல புடவை, தலையில் கனகாம்பரம், பிளாஸ்டிக் கவரில் ஆதார். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரிதான் வந்தாள். நூலகத்து முதல் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். "இங்கே போட்டுக்கலாம்" என்றேன். "புஸ்தகம் இருக்குற எடத்துக்குச் செருப்போடயா?" என்று என் காலைப் பார்த்தாள். நானும் கழற்றினேன். வேறு வழி? ஆனால் ஒன்று... அந்தப் பழைய கல் தரையின் குளிர்ச்சி இத்தனை நாள் என் காலுக்குத் தெரியாமலே போயிருந்தது.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"யக்கா! எம்மாம் புஸ்தகம்!"

ஹால் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. ஃபேனுக்குக் கீழே தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்து, மணி என்ன என்று பக்கத்தில் கேட்டார். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நூலகர் நல்ல மாதிரி. சின்ன வயசுப் பெண். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று சொன்னதும், குழந்தைகள் பகுதியிலிருந்து படம் போட்ட புத்தகங்களாகக் கொண்டுவந்து அடுக்கினார். அஞ்சலை ஒன்றைப் பிரித்தாள். முயல் ஒன்று குடை பிடித்துக்கொண்டிருந்தது.

"மொசல் கதையாம்மா? அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. நாலு பேரு மெச்சப் பேசுன மனுசன். ராஜா, சண்ட, சூழ்ச்சி... அந்த மாதிரி குடும்மா. எழுத்து மட்டும் கொட்டையா இருக்கட்டும்."

தேடித் தேடிக் கடைசியில் ஒன்று கிடைத்தது. 'ஏழு கதவு அரண்மனை'. கெட்டி அட்டை, பெரிய எழுத்து. அட்டையில் ஒரு ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு கோபமாக நின்றார். "இவரு சரியா இருப்பாரு" என்றாள் அஞ்சலை.

கார்டு போட்டார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை 'டொக்'கென்று விழுந்தது. இரண்டு கையாலும் வாங்கி, அட்டையைத் துடைத்து, புடவை மடியில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நான் கவுன்ட்டரில் நின்றேன். அவள் முன்னால் நடந்தாள்.

வாசலில் செக்யூரிட்டி. பெயர் சேகர். வானூர் பக்கம், உள்ளே ஏதோ கிராமம். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வெளியே போகிறவர்களின் பையைப் பார்க்கச் சொல்லி உத்தரவு. தினமும் என் பையையும்தான் பார்ப்பார். வழக்கம்போலக் கேட்டார்.

"எதுனா கொண்டு போறீங்களாம்மா?"

அஞ்சலை நின்றாள். கை தானாகப் போனது. இடுப்பிலிருந்து மடியை உருவி, இரண்டு முனையையும் பிடித்து... வலது பக்கம் ஓர் உதறல், இடது பக்கம் ஓர் உதறல்.

'பொத்'.

கோபக்கார ராஜா குப்புற விழுந்து கிடந்தார்.

"நான் எடுக்கலீங்க," என்றாள் அஞ்சலை.

யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. எடுத்தாயா என்று சேகர் கேட்கவும் இல்லை. அவள் பெயரில், அவள் கையெழுத்துப் போட்டு எடுத்த புத்தகம். முத்திரை மை இன்னும் காய்ந்திருக்காது. ஆனாலும் அவள் வாயில் முதலில் வந்தது அதுதான். நான் எடுக்கலீங்க.

பெரிய கட்டடங்களுக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது. ஜவுளிக்கடை வாசலில் அந்த 'பீப்' கேட்டைத் தாண்டும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? பில் கையில் இருக்கும், பணம் கட்டியாயிற்று, இருந்தும் நெஞ்சு ஒரு தடவை திக்கென்கிறதா இல்லையா? எனக்குத் திக்கென்னும். ஆனால் நான் மனதுக்குள் திடுக்கிடுவதோடு சரி. 'எடுக்கலீங்க' என்று சொல்லும் அளவுக்கு என்னை யாரும் பழக்கவில்லை.

நான் ஓடுவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கத்திரி வெயில். காலில் செருப்பு இல்லை. எழுத்தாளர் அம்மா குதித்துக் குதித்து ஓடிய அழகை ஊரே பார்த்திருக்கும்.

காம்பவுண்டை ஒட்டிய பூவரச மர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். கனகாம்பரம் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"வேணாங்க்கா. குடுத்துடுங்க."

"உன் பேர்ல எடுத்தது அஞ்சல. அவரு சும்மா வழக்கமாக் கேக்குறதுதான்."

"இருக்கட்டும்க்கா. நாளிக்கி ஒரு பக்கம் கிழிஞ்சா, கறை பட்டா, யாருனா ஒரு வார்த்த சொன்னா... முன்னெல்லாம்னா அவரு வந்து பேசுவாரு. இப்ப எனக்காக வந்து பேசறத்துக்கு யாரு இருக்காங்க?"

'நான் பேசுகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அது எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பின்னால் காலடிச் சத்தம். சேகர். ஒரு கையில் அஞ்சலையின் ரப்பர் செருப்பு, இன்னொரு கையில் என்னுடையது. யூனிஃபார்மும் தொப்பியுமாக, இரண்டு ஜோடி பொம்பளைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடு வெயிலில் வருகிறார்!

அஞ்சலை பதறிவிட்டாள். "ஐயோ சார், செருப்பெல்லாம் நீங்க எதுக்குத் தூக்கிக்கினு..."

"தரை கொதிக்குதும்மா. போடுங்க மொதல்ல." குனிந்து வைத்தார். அப்புறம் போகாமல் நின்றார். "தப்பா எதுனா கேட்டுட்டேனாம்மா?"

"இல்லீங்க சார்."

"அப்ப ஏம்மா மடிய உதறுனீங்க? நான் உதறச் சொல்லலியே."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். உப்பளத்தைப் பார்த்தாள். "பழக்கங்க சார். எங்க அளத்துல வேல முடிஞ்சா கணக்குப்புள்ள ஷெட்டாண்ட மடிய உதறிட்டுத்தான் வரப்பு ஏறணும். உப்பு எடுக்கலன்னு காட்டறதுக்கு. யாரும் சொல்லக்கூட மாட்டாங்க. கையி தன்னால உதறிடும்."

ஒரு பிடி உப்பு! அதைத் திருடி யார் மாளிகை கட்டப் போகிறார்கள்? உப்புக்குக் காவல் போட்ட வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் ஆபீஸில் இப்போது கதைப் புத்தகம் கொடுக்கிறார்கள். உதறல் மட்டும் போகவில்லை. எனக்கு அப்படியே எரிந்தது. நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, சேகர் முந்திக்கொண்டார்.

"எங்கூர்ல அப்படிக் கெடையாதும்மா," என்றார். முகத்தில் உண்மையான ஆச்சரியம். "எங்கம்மா நெல்லு அறுக்கப் போவாங்க. அடிச்சி முடிச்சா, களத்துலியே மடிய ஏந்தச் சொல்லி நெல்லு போடுவாங்க. மடி காலியா ஒரு பொம்பள களத்த வுட்டு எறங்கக் கூடாது. எறங்கனா அது நெலத்துக்காரனுக்குக் கேவலம். எங்கூர்ல மடின்னாலே வாங்கிக் கட்டிக்கினு வர்றதுக்குத்தாம்மா."

அஞ்சலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இங்கிருந்து வானூர் ஒன்றும் வேறு தேசம் இல்லை. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஒரே புடவை, ஒரே மடி. அங்கே வாங்கிக்கொள்ள, இங்கே உதறிக் காட்ட.

"நெசமாவா தம்பி?" 'சார்' எப்போது 'தம்பி' ஆனார் என்று நான் கவனிக்கவில்லை.

"எங்கம்மா மேல சத்தியம்."

பிறகு அஞ்சலை என் பக்கம் திரும்பி மடியை ஏந்தினாள்.

"போடுங்க்கா," என்றாள்.

போட்டேன். ராஜாவை நன்றாக இறுக்கிச் செருகிக்கொண்டாள். சேகர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை. இருந்தாலும் போனேன். கன்னியப்பன் கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் வந்ததைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எத்தனை பந்தியைச் சிரிக்க வைத்த முகம்! பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அஞ்சலை கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். விரலை முதல் எழுத்தில் வைத்தாள்.

"ஒ...ரு... ஊ...ரி...ல்... ஒரு... ரா...ஜா..."

நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள்.

சத்தமே இல்லை. வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். ஈசிஆரில் புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குப் பொறுக்கவில்லை. 'அடுத்த வரியைப் படியேன்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அஞ்சலை என் பக்கமே திரும்பவில்லை. விரலை எழுத்திலிருந்து எடுக்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

கன்னியப்பன் மெல்லத் தலையைத் திருப்பினார். புத்தகத்தைப் பார்த்தார். அட்டையிலிருந்த மீசையைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

"இ...ருந்...தா...ன்," என்றாள் அஞ்சலை. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"ம்."

நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஏழு கதவும் திறந்து முடிய, கெடு தேதி வரைக்கும் ஆகிவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நேற்று அவளும் நானும் சேர்ந்து போனோம். நாலாவது கதவைத் திறக்கும்போது கன்னியப்பன் கோபத்தில் ஒரு நீள 'ம்' போட்டாராம். மந்திரி செய்த துரோகம் அவருக்குப் பொறுக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் இப்போது சாயங்காலம் வந்து உட்கார்ந்து கேட்கிறார்களாம். அவர்களும் 'ம்' கொட்டுகிறார்களாம். "இவரு மொறைச்சிப் பாக்குறாருக்கா. மொத 'ம்' அவருதுதானாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீன் கூடைக்கு மேலே கேட்கும் பழைய சிரிப்பு.

அடுத்த புத்தகம் இன்னும் தடிமன். எடுத்தாள், மடியில் கட்டினாள், வாசலுக்கு நடந்தாள். சேகர் வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"மடியில என்னாம்மா?"

அஞ்சலை இரண்டு கையாலும் மடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கதெ! ஒதற மாட்டேன், போ!"

அந்தக் குரலுக்கு ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின. 'அமைதி காக்கவும்' என்று சுவரில் ஒரு போர்டு இருக்கிறது. நேற்று அதை யாரும் படிக்கவில்லை.

சரி... இவ்வளவு நேரமாக நானே பேசிக்கொண்டிருக்கிறேனே, நீங்கள் ஒரு 'ம்' சொன்னால் என்னவாம்?